முதல் சண்டைக்குக் கோப்பை எதற்கு?

புதுசாகப் பாக்ஸிங் கற்றுக்கொள்ளும் பையன்களுக்குப் போட்டி வைக்கலாமா கூடாதா என்று பேச்சு வந்தாலே, எல்லாரும் அடியைப் பற்றித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். கிளவுஸ் எத்தனை அவுன்ஸ், ஹெட்கார்டு உண்டா, ரெஃபரி கண்டிப்பானவரா என்று. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் மூன்று மாதம் மட்டும் பேக் குத்திப் பழகிய ஒரு பையனின் பாதுகாப்பில் பெரும்பங்கு அவன் ரிங்குக்குள் ஏறும் முன்பே, எடை பார்க்கும் மேசையில் முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. யாருக்கு எதிரே யாரை நிறுத்துவது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. அந்தத் தீர்மானத்தைச் சீட்டுக் குலுக்கலுக்கு விட்டுவிடுகிற நாக்-அவுட் கோப்பைப் போட்டி புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. பாக்ஸிங்கே வேண்டாம் என்பவர்களுக்கும் கீழே பதில் வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரா போடுவதைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். காலையில் எடை போடுவார்கள். எடைப் பிரிவு வாரியாகப் பெயர்களைக் குலுக்கி, முதலில் வந்த பெயருக்கும் அடுத்து வந்த பெயருக்கும் ஜோடி. ஒற்றைப்படையாக ஆள் இருந்தால் ஒருவருக்கு ‘பை’. அவ்வளவுதான் விஷயம். ஒரு பிரிவில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கும் எடை மட்டுமே ஒன்று. ஒருவன் மாவட்டம், மாநிலம் என்று இருபது சண்டை பார்த்தவனாக இருப்பான். இன்னொருவன் இன்றைக்குத்தான் முதன்முறையாகக் கயிற்றை விலக்கி உள்ளே காலை வைப்பான். குலுக்குகிற கைக்கு இது தெரியாது. ஜெயித்தவன் சாயங்காலமோ மறுநாளோ திரும்பவும் ஏற வேண்டும், காலையில் வாங்கிய அடி எப்படிப்பட்டது என்று யாரும் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே. இருக்கிறவர்களில் யார் கெட்டிக்காரன் என்று கண்டுபிடிக்க இந்த முறை நன்றாக உதவும். முதல் சண்டைக்கு வருகிறவனிடம் அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது. அமெரிக்காவில் பத்துச் சண்டை வரை ஆடியவர்களை ‘நோவிஸ்’ என்று தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் கிளப் நிகழ்ச்சிகளில் வயது, எடை, இதுவரை ஆடிய சண்டை மூன்றையும் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள். முடிவே அறிவிக்காத பழக்கச் சண்டைகளும் அங்கே உண்டு. இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால், 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யைத் திரும்ப ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். யார் மேல் யாரை ஏற்றுவது என்று வாத்தியார் யோசிப்பதில்தான் அந்தக் கதையின் பாதியே ஓடுகிறது.

பொருத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ரிங்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். முதல் சண்டைக்காரன் பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொள்வான். முதல் ரவுண்டிலேயே இருக்கிற பலத்தையெல்லாம் வீசித் தீர்த்துவிடுவான். அதற்குப் பிறகு கை தானாக இடுப்புக்கு இறங்கும். வாய் திறந்து கம்ஷீல்டு வெளியே தெரியும். தாடை மேலே ஏறும். எதிரே நிற்பவனும் இதேபோலக் களைத்த புதியவன் என்றால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்தே நேரத்தை ஓட்டுவார்கள், கூட்டம் சிரிக்கும், பெரும்பாலும் மூக்கில் கொஞ்சம் ரத்தத்தோடு முடிந்துவிடும். எதிரே அனுபவஸ்தன் நின்றால், அந்தத் தாடை ஏறுவதற்காகத்தான் அவன் காத்திருப்பான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். வருவது தெரிந்த அடிக்குக் கழுத்து இறுகிக்கொள்ளும். தெரியாத அடிக்கு இறுகாது, தலை சட்டென்று சுழலும்.

அந்தச் சுழற்சியில்தான் ஆபத்து. மூளையின் மேற்பரப்பிலிருந்து அதன் உறையை நோக்கி மெல்லிய சிரைகள் ஓடுகின்றன. மண்டை திடீரென்று திரும்பும்போது மூளை ஒரு கணம் பிந்தித் திரும்புகிறது. அந்த இழுப்பில் சிரை அறுந்தால் உறைக்கு அடியில் ரத்தம் கட்டத் தொடங்கும். சப்டியூரல் ரத்தக்கட்டு என்பார்கள் டாக்டர்கள். ரிங்கில் அடிபட்டு நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், விழுந்தவன் சில நேரம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பான், ‘ஒண்ணும் இல்லீங்ண்ணா’ என்பான். கொஞ்ச நேரம் கழித்துத் தலைவலி வரும், பிறகு வாந்தி, பிறகு தூக்கக் கலக்கம். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கிற கட்டத்தில் மிச்சம் இருக்கிற நேரம் ரொம்பக் குறைவு. 1981-ல் அமெரிக்க மருத்துவர்கள் இப்படி ரத்தம் கட்டிக் கோமாவில் வந்த 82 பேரின் கதியை எழுதி வெளியிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் இறந்தவர்கள் 30 சதவீதம். நான்கு மணி நேரத்தைத் தாண்டியவர்களில் 90 சதவீதம். அவர்கள் பாக்ஸர்கள் இல்லை, பின்னால் வந்த ஆய்வுகள் நான்கு மணி நேரக் கோட்டை அவ்வளவு அழுத்திப் போடவும் இல்லை. ஆனாலும் சீக்கிரம் போனவன் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்பதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

நம் பக்கத்தில் நடந்தவற்றைப் பார்ப்போம். 2022 ஜூலையில் பெங்களூருவில் ஒரு மாநில அளவிலான கிக்பாக்ஸிங் போட்டியில், மைசூரைச் சேர்ந்த 23 வயது இளைஞர் முகத்தில் விழுந்த குத்தில் சரிந்தார். ஓரிரு நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். போட்டி நடந்த இடத்தில் ஆம்புலன்ஸோ மருத்துவ ஏற்பாடோ இல்லை என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள், நடத்தியவர்கள் மேல் போலீஸ் வழக்குப் பதிந்தது. அடுத்த மாதமே சென்னையில் தேசிய கிக்பாக்ஸிங் போட்டி. அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்த 24 வயது வீரர் தலையில் அடிபட்டு, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு நாளில் இறந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதைப் படிக்கிறவர்கள் ‘ஆம்புலன்ஸ் நிறுத்தியிருக்க வேண்டும்’ என்பார்கள், அது சரிதான். இரண்டாவது நடந்தது பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லாத நகரத்தில். மண்டையோட்டைத் திறந்து ரத்தத்தை எடுக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தும் சில உயிர்களைக் காப்பாற்ற முடிவதில்லை. அதனால்தான் ஆம்புலன்ஸை இரண்டாவது வரிசையில் வைக்கிறேன், அந்த அடி விழக்கூடிய ஜோடியைச் சேர்க்காமல் இருப்பதை முதல் வரிசையில். ‘அது கிக்பாக்ஸிங், இது பாக்ஸிங்’ என்று ஒரு மறுப்பு வரும். குத்து தலையில் விழுகிற வரை அந்த வித்தியாசம் செல்லும். விழுந்த பிறகு சிரைக்கு ஆட்டத்தின் பெயர் தெரியாது.

புதியவர்களின் பாக்ஸிங்குக்கே நேரான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2021 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு கல்லூரி மாணவர் சங்கம் தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட ‘ஃபைட் நைட்’ நடத்தியது. 20 வயது மாணவர் ஒருவர் சண்டை முடிந்தபின் சரிந்து, சில நாளில் இறந்தார். உலகத்திலேயே பெரிய பாக்ஸிங் சண்டைகள் நடக்கும் ஊர் அது. அவற்றை மேற்பார்வை பார்க்கும் ஆணையமும் அங்கேயே இருக்கிறது. ஆனால் கல்லூரிச் சங்கங்களின் போட்டிக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. தொழில்முறை வீரனுக்கு ஸ்கேன், டாக்டர், ரெஃபரி லைசென்ஸ் எல்லாம் உண்டு, ஒன்றும் தெரியாத மாணவனுக்கு எதுவும் இல்லை. அடுத்த மாதமே அந்த ஓட்டையை ஆணையம் அடைத்தது. எங்கே பார்த்தாலும் இதே தலைகீழ்க் கணக்குதான். பெரிய சண்டைக்குப் பணம் இருப்பதால் பாதுகாப்பும் இருக்கிறது. சின்னச் சண்டையை ‘சும்மா பழக்கத்துக்குத்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள்.

பெரிய சண்டைக்கும் அந்தப் பாதுகாப்பு சும்மா வந்துவிடவில்லை. 1991 செப்டம்பர் 21 அன்று லண்டனில் மைக்கேல் வாட்சன், கிறிஸ் யூபாங்கோடு மோதிய உலகப் பட்டச் சண்டையில் மூளையில் ரத்தம் கட்டி விழுந்தார். டாக்டர் வந்து பார்க்கவே ஏழு நிமிடம் போனது. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் மூளை அறுவை வசதி இல்லை, அங்கிருந்து இன்னொன்றுக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் நடக்கவும் பேசவும் திரும்பப் பழகிக்கொள்ள ஆண்டுக்கணக்கானது. பிரிட்டிஷ் பாக்ஸிங் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். சுவாசம் கொடுக்கும் ஏற்பாடு ரிங் ஓரத்திலேயே இருந்திருக்க வேண்டும், அதை விதியாக்காதது வாரியத்தின் கவனக்குறைவு என்று 2000-த்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடித்தவனை நீதிமன்றம் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இதை நம்ம ஊருக்குக் கொண்டுவருவோம். சோமனூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் ரிங் கட்டி, புதியவர்களுக்கு ஒரு கோப்பைப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு நாளில் நடத்த முடியாது, ஏனென்றால் ஆடுகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற பையன்கள். தறிக்குடோனில் 12 மணி நேரம் நைட் முடித்துவிட்டு வருகிறவன் இருப்பான். திருப்பூரில் சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ராத்திரி எட்டரைக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவன் இருப்பான். காலை ஏழு மணிக்கு எடை. அரைக்கிலோ கூடிவிடுமோ என்று முந்தின நாளே தண்ணீரைக் குறைத்திருப்பான், எச்சிலைத் துப்பித் துப்பிக் காயவிட்டிருப்பான். தூக்கம் இல்லாதவனுக்குக் கண்ணும் கையும் பிந்தும் என்பது தறி ஓட்டுகிற யாருக்கும் தெரிந்ததுதான், விடிகாலை நாலு மணிக்கு அறுந்த இழையைப் பார்க்கவே எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டுப் பாருங்கள். இந்த நிலையில் வருகிறவனைத்தான் குலுக்கலில் எவனோடோ கோத்துவிடுகிறோம். மதியம் மூன்று மணிக்கு அவன் விழுந்தால், கருமத்தம்பட்டி வந்து அவினாசி ரோட்டைப் பிடித்துக் கோவைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் திருப்பூர். தூரம் பெரிய தூரம் இல்லைங்க. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த ஆஸ்பத்திரியில் மூளை அறுவை டாக்டர் டூட்டியில் இருக்கிறார், சிடி ஸ்கேன் ஓடுகிறதா என்று காலையிலேயே போன் போட்டுக் கேட்டு, அந்த நம்பரை டைம் கீப்பர் மேசையில் ஒட்டிவைத்த அமைப்பாளருக்குத்தான் அந்தத் தூரம் சின்னது. மற்றவர்கள் முதலில் பக்கத்து கிளினிக்குக்கு ஓடுவார்கள், அங்கிருந்து அடுத்ததுக்கு. சம்பவம் நடக்கும்போது 108-க்கு அடித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு ஆகாது, அந்த வண்டி அந்த நேரத்தில் வேறொரு விபத்துக்குப் போயிருக்கலாம்.

‘அமெச்சூர் பாக்ஸிங்கில் பெரிய ஆபத்து இல்லை என்று ஆராய்ச்சியே சொல்லியிருக்கிறதே’ என்பது விவரமானவர்கள் வைக்கும் மறுப்பு. சொல்லியிருக்கிறதுதான். 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அமெச்சூர் பாக்ஸிங்கால் நாள்பட்ட மூளைப் பாதிப்பு வருகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று முடித்தது. அது பேசுவது நாள்பட்ட பாதிப்பைப் பற்றி, ஒரே மதியத்தில் கட்டும் ரத்தத்தைப் பற்றி இல்லை. தவிர, அந்த ஆய்வுகளில் வரும் அமெச்சூர்கள் பெரும்பாலும் பதிவு, மருத்துவப் பரிசோதனை என்று ஒழுங்குக்குள் ஆடியவர்கள். அந்த ஒழுங்கு தந்த பலனை, ஒழுங்கே இல்லாத போட்டிக்குச் சான்றிதழாக நீட்ட முடியாது. ஹெட்கார்டு விஷயமும் இப்படித்தான். 2013-ல் சர்வதேச அமைப்பு ஆண்கள் சீனியர் பிரிவில் ஹெட்கார்டையே எடுத்துவிட்டது. எடுத்தபின் வெட்டுக்காயம் கூடியது, தலையடியால் நிறுத்தப்படும் சண்டைகள் குறைந்தன என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். புதியவர்கள் தலையோடு தலை முட்டிக்கொள்வது அதிகம் என்பதால் அவர்களுக்கு ஹெட்கார்டு இருக்கட்டும் என்பேன் நான். ஆனால் பஞ்சு வைத்த தோல் தலையின் சுழற்சியை நிறுத்தாது. ‘அதான் ஹெட்கார்டு போட்டிருக்கானே’ என்று பொருத்தமில்லாத ஜோடியை ஏற்றுகிறவர்தான் ஹெட்கார்டை ஆபத்தாக்குகிறார்.

அடுத்தது, ‘கையெழுத்து வாங்கிட்டோம்’. என்ன நடந்தாலும் நானே பொறுப்பு என்று ஒரு தாளில் பையனும் அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே 87-ஆவது பிரிவு இதைப் பேசியது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 25-ஆவது பிரிவு. பொழுதுபோக்குக்காக இருவர் ஒப்புக்கொண்டு வாள்வீச்சு ஆடுவதுதான் அதில் கொடுத்திருக்கும் உதாரணம். விதிப்படி ஆடும்போது ஒருவர் மற்றவரைக் காயப்படுத்திவிட்டால் குற்றமில்லை. நன்றாகப் படித்துப் பாருங்கள், அந்தப் பாதுகாப்பு ஒழுங்காக ஆடியவனுக்கு. அதுவும் சம்மதம் தந்தவர் 18 வயது தாண்டியிருக்க வேண்டும். டாக்டர் இல்லாமல் ரிங் கட்டியவருடைய அலட்சியத்துக்கு அந்தப் பிரிவில் இடம் இல்லை. பெங்களூருவில் வழக்கு யார் மேல் பாய்ந்தது என்பதை மேலே சொன்னேன். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். எதிராளி யார் என்றே தெரியாமல், குலுக்கலுக்கு முன்பே போட்ட கையெழுத்தில் சம்மதம் என்று எதைச் சொல்வது?

‘ரோட்டில் போனாலும்தான் சாவு வருது’ என்பார்கள். வருகிறது, அதனால்தான் ரோட்டுக்கு ஹெல்மெட் சட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது, அது சாலை விபத்துக்கு மட்டும். ரிங்கில் விழுந்தவனுக்கு அந்தத் திட்டம் கை கொடுக்காது. ஆபத்தான விளையாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவர நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2017-க்குப் பிறகு ஜல்லிக்கட்டுக்கு என்னென்ன கேட்கிறார்கள்? கலெக்டர் அனுமதி, இரட்டைத் தடுப்பு, ஆம்புலன்ஸ், மாடுபிடி வீரர்களுக்கு உடல் பரிசோதனை, காளைக்குக் கால்நடை டாக்டர். நம் பக்கத்து அலகுமலைக்கு மாடு கொண்டுபோகிறவர்கள் இதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டாவது செய்துவிட்டுத்தான் வாடிவாசலுக்கு வருகிறார்கள். காளைக்கு வாங்கும் சான்றிதழில் பாதியாவது 16 வயதுப் பையனுக்கு வாங்கினீர்களா என்று புதியவர் போட்டி நடத்துகிறவரைக் கேட்க ஆள் வேண்டாமா?

தடை செய்துவிடலாம் என்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். உலக மருத்துவர் சங்கம் 1983-லேயே தடையைக் கேட்டது, பாக்ஸிங் நிற்கவில்லை. நின்றுபோனதாக வைத்துக்கொண்டாலும் கையில் கிளவுஸ் வாங்கிவிட்ட பையன் மொட்டை மாடியில் குத்துவான், அங்கே எட்டு எண்ணி நிறுத்த ரெஃபரியும் கிடையாது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். முதல் பத்துச் சண்டை வரை குலுக்கல் கிடையாது, கோப்பை கிடையாது, ஒரு நாளில் ஒரு சண்டைக்கு மேல் கிடையாது. பனியன் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே யாரையும் ஓவர்லாக் மிஷினில் உட்காரவைப்பதில்லை. கைமடியில் நின்று, ஹெல்ப்பராகி, டெய்லர் பக்கத்தில் இருந்து கை பழகித்தான் மிஷின் கிடைக்கிறது. ரிங்குக்கும் அப்படி ஒரு படிக்கட்டு வேண்டும். ரவுண்டு மூன்று நிமிடம் வேண்டாம், ஒன்றரை நிமிடமே முதல் சண்டைக்காரனுக்கு நீளம்தான். இதோடு ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பாக்ஸர் கையிலும் ஒரு புத்தகம் வைத்து, எந்தத் தேதியில் யாரோடு ஆடினான், எப்படி முடிந்தது, டாக்டர் என்ன எழுதினார் என்று பதிவது அமெச்சூர் பாக்ஸிங்கில் பழைய வழக்கம். தலையடியில் சண்டை நின்றால் குறைந்தது 30 நாள் ரிங் பக்கம் வரக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பித் திரும்பினால் 90 நாள், அதற்கு மேல் என்றால் 180 நாள். புத்தகம் இல்லாத போட்டியில் இந்த வாரம் திருப்பூரில் விழுந்தவன் அடுத்த வாரம் ஈரோட்டில் பெயர் கொடுத்தால் தடுக்க ஒருவரும் இல்லை. முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, லேசானதாக இருந்தாலும், மூளை வீங்கி ஆளையே கொண்டுபோய்விடலாம். நாற்பது பக்க நோட்டுக்கு விலை என்ன இருக்கும்?

செலவு கட்டாது என்பதைத்தான் நடத்துகிறவர்கள் கடைசியாகச் சொல்வார்கள். ஒரு நாளுக்கு ஆம்புலன்ஸ், ஒரு டாக்டர், வேறு ஊரிலிருந்து வரவழைத்த ரெஃபரி, இவ்வளவும் சேர்த்தால் கணிசமான தொகைதான். அதற்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ், பொன்னாடை, டிரோன் வீடியோ, ஆளுயரக் கோப்பை, விருந்தினர் மேடை ஆகியவற்றின் பில்லை வையுங்கள். இதை விடவும் நிஜமான கஷ்டம் ஒன்று இருக்கிறது. பார்த்துப் பார்த்து ஜோடி போட்டால் பாதிப் பேருக்கு எதிராளி கிடைக்காது. நாற்பது பேர் எடை போட்டால் பத்துச் சண்டைதான் தேறும், கூட்டம் சலித்துக்கொள்ளும், அடுத்த தடவை ஸ்பான்சர் கை விரிப்பார். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு நாள் கூலியை விட்டு, பட்டினி கிடந்து எடை சரிபண்ணிய பையனிடம் ‘உனக்கு இன்னைக்கு ஜோடி இல்லப்பா’ என்று சொல்வது கஷ்டமான வேலை. அதை அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அவனுக்கு மதியச் சாப்பாடும் பஸ் காசும் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் காசைப் போட்டியின் செலவுக் கணக்கில் முதல் வரியாகவே எழுதிவைத்துவிடலாம்.